பெயர்மாற்றமும் குடிவழித் தேடலும்

குடிவழி ஆய்வில் முதற்சான்றாகக் கொள்ளப்பெறுவது குடும்பப்பெயர். அச்சான்று பயன்படாத இடத்தை வில்லியம் டால்ரிம்பிளின் ‘ஒயிட் முகல்ஸ்’ (2002) என்னும் நூல் காட்டுகிறது.

ஐதராபாத்தில் ஆங்கிலேய ரெசிடென்டாக இருந்த ஜேம்ஸ் அக்கிலிஸ் கிர்க்பாட்ரிக், அந்நகரின் உயர்குடிப் பெண் கைருன்னிசாவை மணந்தார். அவர்தம் மக்கள் சாஹிப் ஆலம், சாஹிப் பேகம் என வழங்கப்பெற்றனர். 1805இல் இங்கிலாந்துக்கு அனுப்பப்பெற்ற அவ்விருவரும் அங்கு ஞானஸ்நானம் பெற்று வில்லியம் ஜார்ஜ், கேதரின் அரோரா ஆயினர். அவ்வாண்டே தந்தை கல்கத்தாவில் இறந்தார். தாய், மக்களை மீண்டும் காணாமலே 1813இல் மறைந்தார்.

பெயர் மாறியபோது தந்தைவழி மட்டுமே தொடர்ந்தது; தாய்வழி புதிய பெயர்களில் இடம்பெறவில்லை. உருதுவில் தாயின் தாய் ‘நானி’, தந்தையின் தாய் ‘தாதி’. ஆங்கிலம் இருவரையும் ஒரே சொல்லாற் சுட்டும். பல்லாண்டுகளுக்குப்பின் கேதரின் தம் தாய்வழிப் பாட்டி ஷரபுன்னிசாவுடன் கடிதத்தொடர்பு கொண்டபோது, பாட்டியின் பாரசீகக் கடிதங்கள் மொழிபெயர்ப்பின் வழியே பேத்தியை எட்டின.

ஆங்கில ஆவணங்களோடு பாரசீக மூலங்களையும் பயன்கொண்டமை நூலின் சிறப்பாகும். ஆயினும் கைருன்னிசாவின் உள்ளம் பெரிதும் பிறர் எழுத்துகளின் வாயிலாகவே வெளிப்படுகிறது. அதனை அவர்தம் கூற்றாகவே கொள்ளுதல் பொருந்தாது. நூற்றலைப்பும் வெள்ளையரையே முன்னிறுத்துகிறது.

தமிழரின் தலைப்பெழுத்தும் பெரும்பாலும் தந்தைபெயரையே குறித்துத் தலைமுறைதோறும் மாறுவது. ஆதலின் பெயர்ப்பட்டியலோடு நில்லாது, உறவுச்சொற்களையும் கடிதங்களையும் சான்றாகக் கொண்டாலன்றித் தமிழ்க் குடிவழி ஆய்விலும் தாய்மார் மறைந்தே நிற்பர்.