பொருளற்ற ஓசையும் பாட்டின் பயனும்

பொருளில்லாத ஓசைக்குப் பாட்டில் இடம் உண்டா என்னும் வினா பழமையானது. தாலாட்டில் வரும் 'ஆராரோ'வுக்கு அகராதியில் பொருள் தேடுவார் இலர். எனினும் அவ்வோசை இன்றித் தாலாட்டு இல்லை. ஆயின், பொருளற்ற ஓசை ஒன்று பிறிதொரு மொழியின் உடையை அணிந்து வருமாயின் அதனை எவ்வாறு மதிப்பது? இவ்வினாவை எழுப்பும் ஆங்கிலப் பாடல் ஒன்றனை ஈண்டு ஆராய்வோம்.

பீ ஜீஸ் குழுவினரை 1977ஆம் ஆண்டின் 'சாட்டர்டே நைட் ஃபீவர்' திரைப்படத்தின் ஆடற்பாட்டுகளால் உலகம் நன்கு அறியும். பாரி, ராபின், மாரிஸ் கிப் என்னும் அச்சகோதரர் மூவரும் 1958இல் ஆஸ்திரேலியாவில் குடியேறி, 1967இன் தொடக்கத்தில் இங்கிலாந்து திரும்பியவர்கள். அவ்வாண்டு ஜூலைத் திங்களில் 'பீ ஜீஸ் ஃபர்ஸ்ட்' என்னும் நெடுந்தட்டு வெளிவந்தது. பெயர் 'முதல்' எனினும், ஆஸ்திரேலியாவில் அவர்தம் நெடுந்தட்டுகள் இரண்டு முன்னரே வந்திருந்தன. இதன் 14 பாடல்களுள் 'டு லவ் சம்படி', 'ஹாலிடே' போன்றவை புகழ்பெற்றன. முதற்பக்கத்தில் ஆறாவதாக அமைந்த 'எவ்ரி கிறிஸ்டியன் லயன் ஹார்ட்டட் மேன் வில் ஷோ யூ' என்பதை அறிந்தோர் சிலரே.

'சிங்க நெஞ்சுடைய ஒவ்வொரு கிறிஸ்தவனும் உனக்குக் காட்டுவான்' என்பது அத்தலைப்பின் பொருள். பாட்டு மடாலயத்துத் துறவியர் ஓதுவதுபோலத் தாழ்ந்த குரல்களில் தொடங்குகிறது. ஓதுதல் இலத்தீன்போல ஒலிக்கிறது; ஆயின் முறையான இலத்தீன் அன்று. பின்னர் முரசும் கிதாரும் சேர்ந்து அக்காலத்து இளைஞர் இசை எழுகிறது. ஓதுதல் இடையிடையே மீண்டும் வருகிறது.

இதனைப் போலி என்று தள்ளுவது எளிது. அவ்வாறு தள்ளுமுன் இசைக்கருவியை நோக்குதல் வேண்டும். ஓதுதலுக்குத் துணைநிற்பது மெல்லோட்ரான். அதன் ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் ஒரு காந்த நாடா உண்டு. உண்மையான கருவியின் ஒலி அதிற் பதிவாகியிருக்கும். கட்டையை அழுத்தினால் நாடா ஓடி ஏறத்தாழ 8 விநாடி ஒலித்து நின்றுவிடும். எனவே அங்குக் கேட்பது இசைக்கருவியின் நிழலே. நிழல் இசையின்மேல் நிழல் மொழி அமர்ந்துள்ளது. இரண்டும் ஒரே தன்மையின. ஆதலின் ஒவ்வாமை இல்லை.

காலமும் கருதத்தக்கது. 1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கம், கத்தோலிக்க வழிபாட்டில் அவரவர் தாய்மொழிக்கு இடமளித்தது. இலத்தீன் ஆலயத்திலிருந்து விலகிக்கொண்டிருந்த காலத்தில், இப்பாட்டு அதன் பொருளை விடுத்து ஓசையை மட்டும் ஏந்தி நிற்கிறது. இயற்றியோர் இதனை எண்ணிச் செய்தனர் என்பது என் கருத்தன்று. கேட்போர் உள்ளத்தில் அத்தொடர்பு பிறக்கிறது என்பதே என் கருத்து.

குறையும் உண்டு. வழிகாட்டும் வீரனைத் தலைப்பு முன்னிறுத்துகிறது. ஆனால் ஓதுதல் ஒவ்வொரு முறையும் வந்தவாறே வந்து சென்றவாறே செல்கிறது. இடையில் பாடப்பெற்றவற்றால் அது ஆழம் பெறவில்லை. ஆலய வாயிலைத் திறந்து காட்டியவர், உள்ளே அழைத்துச் செல்லாமல் மீண்டும் வாயிலுக்கே கொணர்ந்து நிறுத்திவிடுகிறார். ஆகவே இதனைச் சிறந்த தொடக்கம் என்பேன்; நிறைவான பாட்டு என்னேன்.

மாணவர் விரும்பும் பாட்டைக் கேட்டு, "இதற்குப் பொருள் உண்டா?" என்று வினவி முடிப்பது ஆசிரியர்களாகிய நம் வழக்கம். அவ்வினா போதாது. "இவ்வோசை இங்கு என்ன வேலை செய்கிறது? அவ்வேலையை முடித்ததா?" என்று கேட்கப் பழக்குவோமாயின், அவர்கள் இப்பாட்டை மட்டுமன்றி நம் பாடநூற் செய்யுளையும் செவியால் அளந்து மதிப்பிடக் கற்பர். பொருள் கூறத் தெரிந்தவன் படித்தவன். ஓசையின் பயனையும் கூறத் தெரிந்தவனே சுவைஞன்.