'கட் பீஸ்': நிகழ்த்துகலையும் அதன் சான்றுகளும்

காவியம் ஏட்டில் நிற்கும். ஓவியம் சுவரில் நிற்கும். கலைஞர் தம் உடலையே கருவியாகக் கொண்டு அவைமுன் நிகழ்த்தும் கலையோ நிகழும்பொழுதே மறைந்துபடும். பெண்ணியக் கலைஞர் பலர் இக்கலையை மேற்கொண்டமையின், அவர்தம் வரலாற்றை எழுதுவோர் எஞ்சிய சான்றுகளையே சார்ந்து நிற்கின்றனர். அச்சான்றுகளை எங்ஙனம் மதிப்பிடுதல் வேண்டும் என்பதனை, யோகோ ஓனோ என்னும் சப்பானியக் கலைஞரின் 'கட் பீஸ்' கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

இந்நிகழ்ச்சி 1964 சூலையில் கியோத்தோ நகரில் முதன்முதல் நிகழ்ந்தது. கலைஞர் மேடையில் அசைவின்றி அமர்ந்திருப்பார்; முன்னே கத்தரிக்கோல் கிடக்கும். காண்போர் ஒருவர்பின் ஒருவராக வந்து, அவர் உடையில் ஒரு துண்டை வெட்டி எடுத்துச் செல்வர். 1965 மார்ச்சில் நியூயார்க்கில் நிகழ்ந்ததனை மேசில்ஸ் உடன்பிறந்தார் படமெடுத்தனர். இளைஞன் ஒருவன் உள்ளாடையின் தோள்வாரை வெட்ட, ஓனோ கைகளால் மார்பை மறைத்துக்கொள்ளும் காட்சி அப்படத்தில் உள்ளது.

இன்று 'கட் பீஸ்' என்றவுடன் பலர் நினைவுக்கு வருவது இப்படமே. ஆடவர் நோக்கிற்கும் செயலுக்கும் பெண்ணுடல் இலக்காவதைக் காட்டும் படைப்பு இது என்னும் விளக்கமும் பெரிதும் இப்படத்தையே தழுவியது. அவ்விளக்கம் பொருந்துவதே, எனினும் முழுமையுடையதன்று.

ஓனோ எழுதிய நிகழ்த்துமுறைக் குறிப்பை நோக்குக. நிகழ்ச்சியை எப்பொழுது முடிப்பது என்பது நிகழ்த்துவோர் விருப்பம் என்கிறது அது. படத்தில் வாய்திறவாது துன்புறுபவராகத் தோன்றும் பெண், குறிப்பில் விதி வகுப்பவராகவும் முடிவு செய்பவராகவும் விளங்குகிறார்.

நிகழ்த்துவோர் பெண்ணாகவே இருத்தல் வேண்டுவதில்லை என்றும் ஓனோ குறித்துள்ளார். அங்ஙனமாயின் இது பெண்ணியப் படைப்பன்று எனக் கூறலாமோ எனின், கூறலாகாது. நியூயார்க்கில் கத்தரிக்கோல் ஏந்தியோர் எதிரே இருந்தது ஒரு பெண்ணின் உடல். அதன்முன் அவர்கள் நடந்துகொண்ட முறையே படைப்பின் ஒரு பாதி. 2003-இல் பாரிசில், தம் எழுபதாம் வயதில், அமைதி வேண்டி மீண்டும் நிகழ்த்திய ஓனோ, வெட்டிய துண்டைத் தம் அன்புக்குரியார்க்கு அனுப்புமாறு அவையோரை வேண்டினார். அதே செயல் அங்கு ஈகையாயிற்று.

ஒரே சுவடியைக் கொண்டு நூலைப் பதிப்பிப்போர் பாடவேறுபாடுகளை அறியார். இக்கலைக்கும் அது பொருந்தும். குறிப்பு, படம், கண்டோர் கூற்று, பிற்கால நிகழ்ச்சிகள் ஆகிய அனைத்தையும் ஒருங்கு வைத்துப் பேணுதல் வேண்டும். வெட்டியோரின் செயலையும் பதிந்துவைத்தல் வேண்டும். படம் ஒன்றே எஞ்சுமாயின், படைத்த பெண் மறைந்து துன்புற்ற பெண் மட்டுமே வரலாற்றில் நிற்பாள் என்பது எம் கருத்து.