மூன்று கோடும் ஒரு கறையும்

திண்டுக்கல்லில் சில வருடங்களுக்கு முன் நடந்த ஒரு கண்காட்சியில்தான் அந்தப் படத்தைப் பார்த்தேன். மரத்தாலான ரயில்பெட்டி ஒன்று நிற்கிறது. பின்னால் மலைக்கோட்டை. ஓரத்தில் ஊர்ப்பெயர்ப் பலகை பாதி தெரிகிறது. ஜன்னல்களில் முகங்கள், வாசலில் ஒரு சிறுவன், பெட்டியின் முனையை ஒட்டித் தலையில் கூடையோடு ஒரு பெண். கீழே அழகான கையெழுத்தில் படக்குறிப்பு: ‘காந்தியடிகள் மதுரை சென்ற ரயில், 1921.’

வந்தவர்கள் அந்தப் படத்துக்கு முன்னால் மட்டும் கொஞ்சம் கூடுதல் நேரம் நின்றார்கள். நானும் நின்றேன். படத்தில் காந்தி இல்லை. அது யாருக்கும் உறுத்தவில்லை. குறிப்பு இருக்கிறதே, போதாதா? 1921 செப்டம்பரில் சென்னையிலிருந்து மதுரைக்கு வரும் வழியில், கூட வந்த ரயில் பயணிகளிடம் கதர் உடுத்தச் சொல்கிறார் காந்தி. வாங்க முடியாத ஏழைகள் நாங்கள் என்று அவர்கள் சொல்கிறார்கள். செப்டம்பர் 22ஆம் தேதி மதுரையில் அவர் அரைவேட்டிக்கு மாறுகிறார். இந்தக் கதையாடல் நம் எல்லோருக்கும் பாடம். அது வந்து உட்கார ஒரு பெட்டி வேண்டும். கையில் கிடைத்த பெட்டியில் உட்கார வைத்துவிட்டார்கள்.

படக்குறிப்பு இல்லாவிட்டால் புகைப்படம் அந்தரத்தில் தொங்கும் என்று 1931லேயே வால்டர் பெஞ்சமின் கவலைப்பட்டார். நம்ம ஊரில் பிரச்சினை வேறு. இங்கே குறிப்புகள் முன்னாடியே தயாராக இருக்கின்றன, படம்தான் தாமதமாக வந்து சேருகிறது.

இதை ஒரு கோபமாகவே கொண்டுபோய், பொன்மலைப் பட்டறையில் பெட்டிப் பிரிவில் பிட்டராக இருந்து ஓய்வுபெற்று நாகல்நகர் பக்கம் இருக்கும் பெரியவர் ஒருவரிடம் படத்தின் நகலைக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவர் முதலில் சொன்னது: “தம்பி, மூஞ்சியப் பாக்காதீங்க. காலப் பாருங்க.”

அவர் வாசிப்பு கீழிருந்து மேலே போகிறது. பெட்டியின் முனையில் இடிதாங்கி ஒன்றே ஒன்று, நடுவில் இருக்கிறது. அப்படியானால் மீட்டர் கேஜ். அகலப்பாதைப் பெட்டி என்றால் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு இருந்திருக்கும். பிறகு சக்கரம். முனைக்கு ஒரு போகி, அதில் நாலு சக்கரம். ஆக ஆரம்பகால நாலுசக்கர வண்டி இல்லை. அடிவயிற்றில் பேட்டரிப் பெட்டி தொங்குகிறது, எனவே உள்ளே மின்விளக்கு. கூரையில் எண்ணெய் விளக்குக்கான குமிழ்கள் இல்லை. அதற்குப் பிறகுதான் பலகை, ஜன்னல், எழுத்து. மனிதர்களுக்கு அவர் வந்து சேர அரைமணி நேரம் ஆனது.

கார்லோ கின்ஸ்பர்க் 1979ல் தடயங்கள் பற்றி எழுதிய கட்டுரையை நம்மில் சிலர் படித்திருக்கலாம். ஓவியத்தை யார் வரைந்தது என்று கண்டுபிடிக்க மொரெல்லி என்ற இத்தாலியர் முகபாவத்தைப் பார்க்கவில்லை, காதுமடலையும் நகத்தையும் பார்த்தார் என்று அதில் வருகிறது. ஓவியன் கவனமில்லாமல் போடுகிற இடத்தில்தான் அவன் மாட்டுவான். பிட்டர் சொன்ன ‘கால்’ இதேதான். அதே கட்டுரையில் நம்மோடு நெருக்கமான இன்னொன்றும் உண்டு. வங்காளத்தில் ஹூக்ளி மாவட்டத்தில் மக்களிடம் புழங்கிய கைரேகைப் பழக்கத்தைக் கவனித்த வில்லியம் ஹெர்ஷல் என்ற அதிகாரி அதை ஆட்சியின் கருவியாக்குகிறார். கீழே இருப்பவர்களின் அறிவை எடுத்து அவர்களையே அடையாளம் காட்டப் பயன்படுத்துவது அதிகாரத்துக்குப் பழகிய வேலை. அந்த அறிவு இன்னும் கீழேயே இருக்கிறதா என்பதுதான் எனக்குக் கேள்வியாக இருந்தது. இருக்கிறது, நாகல்நகரில்.

சரி, தேதிக்கு வருவோம். பெட்டியின் பக்கவாட்டில் ‘எஸ்’ தெரிகிறது, ‘ஆர்’ தெரிகிறது. நடுவில் ஜன்னலிலிருந்து தொங்கும் ஒரு கை. அந்தக் கைக்குப் பின்னால் ‘ஐ’ இருந்தால் தென்னிந்திய ரயில்வே. அந்தக் கம்பெனி 1874ல் உருவானது, திருச்சி-மதுரைப் பாதை அதற்கு அடுத்த வருடம் திறந்தது. ‘ஐ’ இல்லையென்றால் 1951 ஏப்ரலில் உருவான தெற்கு ரயில்வே. ஒரு எழுத்தில் முக்கால் நூற்றாண்டு தொங்குகிறது. பெரியவர் அந்தக் கையோடு மல்லுக்கட்டவில்லை. பலகையைக் காட்டினார். அதில் இந்தி எழுத்து இருக்கிறது. 1921ல் திண்டுக்கல் பலகையில் இந்தி ஏது? கண்காட்சிக்காரர்களிடம் சொன்னபோது, “அப்ப 1946னு வச்சுக்குவோம் சார், அப்பவும் வந்தாருல்ல” என்றார்கள். வந்தார்தான். கோயில் தாழ்த்தப்பட்டோருக்குத் திறக்கும்வரை உள்ளே போவதில்லை என்றிருந்தவர், 1939ல் திறந்த மீனாட்சி கோயிலுக்குள் 1946 பிப்ரவரியில் போகிறார், பழனிக்கும் போகிறார். ஆனால் அந்த பிப்ரவரியிலும் பலகையில் இந்தி கிடையாது. ‘வச்சுக்குவோம்’ என்கிற இந்த ஒரு சொல்லில் நம் வரலாற்று முறையியல் முழுக்க இருக்கிறது.

மேல் எல்லையைச் சொல்வது வாசலுக்குப் பக்கத்தில் இருக்கும் மூன்று கோடு. ரோமன் எண்ணில் மூன்று. மூன்றாம் வகுப்பு என்ற பெயர் 1974ல் போய்விட்டது. பழைய மூன்றாம் வகுப்பே இரண்டாம் வகுப்பானது. முதல் வகுப்பு என்று படத்தில் இருந்தாலும் சூதானமாக இருக்க வேண்டும்: 1955ல் பழைய முதல் வகுப்பை எடுத்துவிட்டு, அதுவரை இரண்டாவதாக இருந்ததை முதலாவது என்றார்கள். பலகை மாறும், மரபெஞ்சு மாறாது. ஆக நம் படம் சுதந்திரத்துக்குப் பின், 1974க்கு முன். இதற்கு மேல் நெருக்க முடியவில்லை.

இங்கே என் கதையைச் சொல்லியாக வேண்டும். பலகையில் இந்தி இருக்கும் இடத்தில் ஒரு கறுப்புக் கறை. பார்த்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. 1952 ஆகஸ்டில் பெரியார் அறிவித்து, ரயில் நிலையப் பலகைகளில் இந்தி எழுத்தைத் தார்பூசி அழித்த போராட்டம். அதன் சாட்சி என் கையில். காந்தியை இறக்கிவிட்டுப் பெரியாரை ஏற்றினேன். பலகையை மட்டும் வெட்டிப் பெரிதாக்கி, ‘தார் பூசப்பட்ட திண்டுக்கல் பலகை, 1952’ என்று நாங்கள் போட்ட ஒரு துண்டறிக்கையில் அச்சிட்டேன். தோழர்கள் பாராட்டினார்கள்.

முழுப்படத்தில் அந்தக் கறை பலகையோடு நிற்கவில்லை. சட்டத்தைத் தாண்டிப் பெட்டியின் கூரை மேல் ஏறி, வானத்திலும் கொஞ்சம் போகிறது. தார் வானத்தில் ஒட்டாது. அது நெகட்டிவில் பிடித்த பூஞ்சை. பெரியவர் விரலால் அந்தக் கறையின் வழியே போய்க் காட்டிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார், ஒன்றும் சொல்லவில்லை. உண்மையில் வெட்டும்போதே எனக்குத் தெரியும். அதனால்தான் வெட்டினேன். கண்காட்சிக்காரர்களுக்கும் எனக்கும் வித்தியாசம், அவர்களுக்குத் தெரியாது என்பது மட்டும்தான். பூக்கோவைப் படித்தவன் என்பதால் இந்த விஷயத்தில் எனக்குச் சலுகை எதுவும் கிடையாது.

இந்தப் பெட்டி ஏன் இவ்வளவு சுலபமாக யாருக்கும் இடம் கொடுக்கிறது என்று யோசித்தேன். தானாக அதற்கு ஒரு பெயர் இல்லாததால்தான். 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் தூத்துக்குடியில் இறங்கி, புதிதாகப் போட்ட பாதையில் மதுரை வழியாகத் திருச்சிக்குப் போனார். நம்ம ஊரைத் தாண்டித்தான் போயிருக்க வேண்டும். அவருடைய அந்த இந்தியப் பயணத்துக்காகச் செய்த சலூன் ஒன்று டெல்லி ரயில் அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கிறது. மைசூர் மகாராஜாவின் சலூனும் அங்கே இருக்கிறது. யாருடையது, எந்த வருடம் என்று பலகை வைத்திருக்கிறார்கள். கோடிக்கணக்கானவர்கள் உட்கார்ந்து போன மூன்றாம் வகுப்பு மரப்பெட்டியைக் கண்டம் பண்ணி, தேக்கை ஏலம் விட்டு, இரும்பை உருக்கக் கொடுத்தார்கள். 1917ல் மூன்றாம் வகுப்புப் பயணத்தின் நெரிசலையும் அழுக்கையும் பற்றிக் காந்தி பத்திரிகைகளுக்கு நீளமாக எழுதினார். அந்த அழுக்கு ‘பாரம்பரியம்’ ஆகாது. ரயில் நிலைய உணவு விடுதிகளில் பிராமணருக்குத் தனி இடம், மற்றவருக்குத் தனி இடம் என்றிருந்தது 1941ல், நீண்ட எதிர்ப்புக்குப் பிறகு, போனது. பழைய ஸ்டேஷன்களின் வளைவுகளையும் தூண்களையும் காலண்டரில் போடுகிறவர்கள் அந்தப் பலகையைத் தேடிப் போவதில்லை.

பெரியவர் கடைசியாகக் கண்டுபிடித்ததுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஜன்னல்களுக்கு இடையே இடைவெளி ஒரே சீராக இல்லை. மூன்று அகலமான ஜன்னல், பிறகு பலகை அடித்து மூடிய ஓர் இடம், ஓரத்தில் குறுகலான தனி வாசல். “இது மூணாங்கிளாஸுக்குன்னு கட்டினது இல்ல தம்பி. தொரைமாரு வண்டி. அந்தச் சின்ன வாசல் இருக்கு பாருங்க, அது அவங்க வேலக்காரன் உக்கார்ற ரூம். வண்டி பழசானதும் உள்ள பிரிச்சுப்போட்டு, பெஞ்சு அடிச்சு, மூணு கோடு போட்டு ஜனங்களுக்கு விட்டிருக்காங்க.” அவர் சொல்வது சரியென்றால், இந்தப் படத்தில் ஒரு பெட்டிக்குள் இன்னொரு பெட்டி இருக்கிறது. மேல் வகுப்பு கீழே இறக்கப்பட்டிருக்கிறது, தேய்ந்துபோன பிறகு. கூடையோடு நிற்கும் பெண் அந்த வேலைக்கார வாசலில்தான் ஏறப்போகிறாள்.

இதைக் கேட்ட நண்பர் ஒருவர் உடனே குதித்தார்: 1911 ஜூன் 17 மணியாச்சியில் வாஞ்சிநாதன் சுட்டபோது ஆஷ் உட்கார்ந்திருந்தது முதல் வகுப்பில், போகவேண்டிய ஊர் நம்ம கொடைக்கானல், அந்தப் பெட்டியாகவே இது இருக்கக்கூடாதா? இருக்கக்கூடாது என்று சொல்லிவிட்டேன். இந்தத் தடவை கொஞ்சம் கடுமையாகவே.

படத்துக்கு வேறு குறிப்பு எழுதிக் கண்காட்சிக்காரர்களிடம் கொடுத்திருக்கிறேன்: ‘மூன்றாம் வகுப்புப் பெட்டி, மீட்டர் கேஜ், திண்டுக்கல். 1947க்கும் 1974க்கும் இடையில். மேல் வகுப்பிலிருந்து மாற்றப்பட்டதாக இருக்கலாம். பயணிகளின் பெயர் தெரியவில்லை.’ ரொம்ப நீளம், யார் நின்று பார்ப்பார்கள் என்றார்கள். பேச்சு இன்னும் முடியவில்லை.

தேதியைச் சரியாகச் சொல்ல ஒரு வழி இருந்தது. பெட்டி கடைசியாகப் பட்டறைக்குப் போய்வந்த மாதமும் வருடமும் முனைப் பலகையில் பெயிண்டில் எழுதியிருக்கும். பெரியவர் லென்ஸ் வைத்துத் தேடினார். “அந்தம்மா ரெண்டடி தள்ளி நின்னிருந்தா தெரிஞ்சிருக்கும்” என்றார். கூடை சரியாக அதற்கு முன்னால் இருக்கிறது.

நாங்கள் போட்ட துண்டறிக்கை ஐந்நூறு பிரதி. சின்னாளப்பட்டி, வத்தலக்குண்டு, ஒட்டன்சத்திரம் வரை போயிருக்கிறது. கையில் வைத்திருப்பவர்கள் இரண்டாம் பக்கத்தில் படத்துக்குக் கீழே இருக்கும் வரியைப் பேனாவால் அடித்துவிடவும்.