தலையில்லாத டாங்கி

டாங்கி என்றதும் உச்சியில் சுழலும் பீரங்கிக் கோபுரம்தான் கண்ணுக்குள் வரும். ஸ்வீடன் அந்தக் கோபுரத்தையே எடுத்துவிட்டு ஒரு டாங்கி செய்தது. பொறியாளர் ஸ்வென் பெர்கே 1950களில் முன்வைத்த யோசனை, 1967 முதல் 1971 வரை சுமார் 290 வண்டிகளாக உருவெடுத்தது. பெயர் எஸ்-டாங்கி.

105 மி.மீ. பீரங்கி வண்டியின் உடலோடு இறுகப் பொருத்தப்பட்டது. பக்கவாட்டில் குறி வைக்க வண்டி முழுதும் திரும்ப வேண்டும். மேலும் கீழும் குறி வைக்க, சஸ்பென்ஷன் வண்டியின் மூக்கை உயர்த்தித் தாழ்த்தும். இந்த ஒரு முடிவிலிருந்து கிடைத்த பலன்களைப் பார்த்தால் வியப்பாக இருக்கிறது. பீரங்கி அசையாததால் குண்டுகளை இயந்திரமே நிரப்ப முடிந்தது, நிமிடத்துக்குப் பதினைந்து வரை. அதனால் மூன்று பேர் போதும். ஸ்வீடன் வைத்திருந்த பிரிட்டிஷ் டாங்கியான சென்சூரியன் ஏறக்குறைய 3 மீட்டர் உயரம், இதுவோ 2.14. முன்கவசம் படுத்த நிலையில் சரிந்திருந்தது. மூன்றாமவர் பின்பக்கம் பார்த்து அமர்ந்து, முன்கவசம் எதிரியை நோக்கியிருக்கும்போதே வண்டியைப் பின்னோக்கி ஓட்டிவிடுவார். பதுங்கிச் சுட்டு, இடம் மாறி, மறுபடி சுட இதைவிடப் பொருத்தமான வண்டி அன்று இல்லை என்றே சொல்வேன்.

ஓடிக்கொண்டே சுட முடியாது என்பதுதான் எல்லோரும் சொல்லும் குறை. 1973இல் பிரிட்டிஷ் படை தன் வீரர்களைக் கொண்டே சோதித்தும், அதனால் பாதகம் என்று நிரூபிக்க முடியவில்லை. அன்று மற்ற டாங்கிகளும் நின்று சுட்டால்தான் குறி நிச்சயம். ஓட்டத்திலும் பீரங்கிக் குழாயை நிலைநிறுத்தும் கருவிகள் தேறிய பிறகே இந்தக் குறை உண்மையானது. அதை வைத்து பெர்கேயைக் குற்றம் சொல்வது நியாயமில்லை.

எனக்கு உறுத்துவது வேறொன்று. சங்கிலிப் பட்டை அறுந்தால் சாதாரண டாங்கி நின்ற இடத்திலிருந்தே நாலாபுறமும் சுடும். எஸ்-டாங்கியில் ஓட்டத்தோடு குறியும் போய்விடும். எதிரி பக்கவாட்டில் வந்தால் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். இது காலம் கொண்டுவந்த குறையல்ல, வரைபடத்திலேயே இருந்தது. தற்காப்புக்குத் தலைசிறந்த ஆயுதம். ஆனால் முன்னேறித் தாக்கும் டாங்கிக்கு முழு மாற்று அல்ல. ஸ்வீடனும் அப்படித்தான் கருதியிருக்க வேண்டும். எஸ்-டாங்கி வந்த பிறகும் சென்சூரியன்களைப் புதுப்பித்து வைத்துக்கொண்டது. 1990களில் அது தேர்ந்தெடுத்த ஜெர்மன் டாங்கியான லெப்பர்டு 2இல் கோபுரம் திரும்பி வந்துவிட்டது.