கதவை மூடினால் குரல் வேண்டும்

ஒரு கரண்ட் பில்லில் ஆரம்பிப்போம். தொகை 1,925 லிரா. இத்தாலிக்காரர் கோஸ்டா அதைக் கட்டமாட்டேன் என்று அடம்பிடித்தார். அற்பப் பணம்தான். ஆனால் வழக்கு லக்சம்பர்க் வரை போனது. உள்நாட்டுச் சட்டமும் ஐரோப்பியச் சமூகத்தின் சட்டமும் மோதினால் சமூகத்தின் சட்டமே நிற்கும் என்று 1964-ல் ஐரோப்பிய நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இப்படிப்பட்ட தீர்ப்புகளை வைத்து ஜோசப் வைலர் 1991-ல் யேல் சட்ட இதழில் எழுதியதுதான் 'ஐரோப்பாவின் உருமாற்றம்'. சட்டக் கட்டுரை என்றதும் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். விஷயம் எளிது. கூட்டுக்குடும்பத்தில் பிடிக்கவில்லையென்றால் வெளியே போகலாம், அல்லது உள்ளேயிருந்து சத்தம் போடலாம். பொருளாதார அறிஞர் ஹிர்ஷ்மனிடம் வாங்கிய சூத்திரம் இது. பிடிக்காத சட்டத்தை மட்டும் நைசாக மீறுவதும் வெளியேறுவதில் ஒரு வகை என்கிறார் வைலர். அந்தக் கொல்லைக்கதவை நீதிமன்றம் அடைத்தது. அடைக்க அடைக்க, நாடுகள் தங்கள் குரலை இறுகப் பிடித்துக்கொண்டன. பிறகு பெரும்பான்மை ஓட்டு வந்து அந்தக் குரலும் குறைந்தபோது, இது நல்லதல்ல என்று எச்சரித்தார். 2016-ல் ஓட்டுப் போட்ட பிரிட்டன், 2020-ல் தலைவாசல் வழியாகவே போய்விட்டது.

சரி, நாஞ்சில் நாட்டுக்காரருக்கு இதிலென்ன? இருக்கிறது.

1947 ஜூனில் திருவிதாங்கூர் தனிநாடு என்றார் திவான் சர் சி.பி. அடுத்த மாதமே அந்தக் கதவு சாத்தப்பட்டது. அப்புறம் மிஞ்சியது குரல்தான். நேசமணி தலைமையில் போராடி, 1954 ஆகஸ்டு 11 துப்பாக்கிச் சூட்டில் உயிர்களையும் கொடுத்து, 1956 நவம்பர் 1-ல் நான்கு தாலுகாக்கள் தமிழகத்தோடு சேர்ந்தன. வைலர் சொன்னது பலித்தது.

பாதிதான் பலித்தது. அரசியல் சட்டத்தின் 290-ஏ பிரிவைப் பாருங்கள். இங்குள்ள தேவசம் கோயில்களுக்குத் தமிழக அரசு ஆண்டுதோறும் 13.5 லட்சம் தரவேண்டும். சுசீந்திரமும் அதில் சேர்த்தி. கோயில் நிலங்களைச் சமஸ்தானம் அந்தக் காலத்திலேயே எடுத்துக்கொண்டதற்கான ஈடு இது. பி.காம். படித்தவன் கண்ணில் முதலில் படுவது, 1956-ல் எழுதிய தொகை இன்றும் அதேதான் என்பது. விலைவாசிக்கு ஏற்ப உயர ஒரு வரி எழுதவில்லை. அரசு மேலே போட்டுக் கொடுத்தால் அது தயவு, உரிமையல்ல.

வைலரிடம் எனக்குள்ள குறை இங்கேதான். அவர் கணக்கில் பேசுபவை அரசாங்கங்கள். அந்த மேஜையில் நாற்காலி இல்லாத நாலு தாலுகா யாரிடம் போய்ப் பேசும்?

நாற்காலி இருந்தாலும் போதாது. 2017-ல் வந்த ஜி.எஸ்.டி.யின் கவுன்சிலில் மாநிலங்கள் அத்தனைக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு. தீர்மானத்துக்கு வேண்டியது நான்கில் மூன்று. எல்லா மாநிலமும் ஒன்று கூடினாலும் மத்திய அரசு தலையசைக்காமல் ஒன்றும் நடக்காது.

அதனால்தான் வைலரை இன்றும் படிக்கவேண்டியிருக்கிறது. உங்களை ஒரு கூட்டில் சேர்க்கும்போது என்ன தருகிறார்கள் என்று மட்டும் கேட்காதீர்கள். நாளைக்கு அதை மாற்றச் சொல்லும் உரிமை யாருக்கு என்றும் கேளுங்கள்.