எலிக்கு இறங்கிய கொழுப்பு நமக்கும் இறங்குமா?

கொழுப்பு மிகுந்த தீனி தின்ற எலிகளுக்கு ஒரு மூலிகைச் சாற்றைக் கொடுத்தார்கள். இரத்தத்தில் கொலஸ்ட்ரால் குறைந்தது. சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும், நாட்டின் பிற ஆய்வகங்களிலும் இத்தகைய ஆய்வுகள் பல நடந்துள்ளன. தேவையான ஆய்வுகளே. ஆனால் செய்தியாக வெளிவரும்போது அவை ‘மாரடைப்பைத் தடுக்கும் மூலிகை’ ஆகிவிடுகின்றன. கடலூர் செம்மண்டலத்தில் அதைப் படிக்கும் ஒருவர், டாக்டர் தந்த மாத்திரையை நிறுத்திவிட்டுக் கஷாயத்தில் இறங்கினால் என்ன ஆகும்? இதைச் சற்று ஆராய்வோம்.

எலியின் உடல் வேறு

நம் இரத்தத்தில் கொலஸ்ட்ராலின் பெரும்பகுதியைச் சுமப்பவை எல்.டி.எல். துகள்கள். இவை தமனியின் உட்சுவரில் புகுந்து தங்குகின்றன. அவற்றை விழுங்கும் வெள்ளணுக்கள் உப்பி, நாளடைவில் கொழுப்புத் திட்டாகின்றன. திட்டு வெடித்து இரத்தம் உறைந்தால் மாரடைப்பு.

எலிக்கோ கொலஸ்ட்ராலின் பெரும்பகுதி எச்.டி.எல். துகள்களில் செல்கிறது. கொழுப்பை ஊட்டினாலும் அதன் தமனியில் திட்டு எளிதில் படிவதில்லை. ஆகவே எலியின் இரத்தத்தில் ஓர் எண் இறங்கியது என்பது, மனிதனின் இரத்தக் குழாய் காக்கப்பட்டது என்பதற்குச் சான்றாகாது.

அளவையும் பாருங்கள். எலிக்கு அதன் எடையில் கிலோவுக்கு 400 மில்லிகிராம் சாறு கொடுத்ததாகக் கொள்வோம். இதை மனித அளவாக்க ஏறக்குறைய 6-ஆல் வகுப்பார்கள். 60 கிலோ எடையுள்ளவருக்கு நாள்தோறும் 4 கிராம் உலர்சாறு வேண்டும். 100 கிராம் இலைத்தூளில் 10 கிராம் சாறு கிடைத்தால், அதற்கு 40 கிராம் தூள் தேவை! மேலும், ஆய்வகச் சாறு பெரும்பாலும் எரிசாராயத்தில் ஊறவைத்து வடித்தது. வீட்டுக் கஷாயம் தண்ணீரில் காய்ச்சியது. இரண்டிலும் கரைந்து வரும் பொருள்கள் ஒன்றல்ல.

குக்குலு சொல்லும் பாடம்

1966-இல் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் ஜி. வி. சத்யவதி, ஆயுர்வேதக் குறிப்பொன்றைப் பின்பற்றிக் குக்குலுப் பிசினை முயல்களிடம் சோதித்தார். முயலுக்குத் தமனியில் திட்டு எளிதில் படியும். அதன் கொலஸ்ட்ரால் குறைந்தது, திட்டும் குறைந்தது. இந்தியாவில் 1980-களில் அது மருந்தாகவே அனுமதி பெற்றது. 1994-இல் வெளியான இந்தியச் சோதனையில், 61 நோயாளிகளிடையே 24 வாரங்களில் எல்.டி.எல். சுமார் 12 சதவீதம் இறங்கியது.

ஆனால் 2003-இல் அமெரிக்காவில் 103 பேரிடம் எட்டு வாரம் சோதித்தபோது, குக்குலு உண்டவர்களுக்கு எல்.டி.எல். 4 முதல் 5 சதவீதம் ஏறியது! வெற்று மாத்திரை உண்டவர்களுக்கோ 5 சதவீதம் இறங்கியது. சிலருக்குத் தோலில் தடிப்பும் கண்டது. மனிதரிடம் நடந்த சோதனைகளே இப்படி முரண்படும்போது, எலியோடு நின்றுவிட்ட சாற்றை எப்படி நம்புவது?

‘செடிதானே, என்ன கெடுதல் செய்துவிடும்?’ என்பீர்கள். சிதம்பரத்துக்குப் பழம்பெயர் தந்த தில்லை மரம் பிச்சாவரத்தில் இருக்கிறது. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. அதுவும் இயற்கைதான்.

மூலிகைகளை இகழ்வது நம் நோக்கமன்று. எலியில் கிடைத்த விடையை முடிவாகக் கொள்ளாமல் தொடக்கமாகக் கொள்ள வேண்டும். அடுத்த முறை இத்தகைய செய்தியைக் காணும்போது கேளுங்கள்: சோதித்தது எலியையா, மனிதரையா? எத்தனை பேரை, எவ்வளவு காலம்? ஒப்பிட வெற்று மாத்திரை கொடுத்தார்களா? குறைந்தது எண்ணா, மாரடைப்பா? விடை கிடைக்கும்வரை, டாக்டரைக் கேளாமல் மாத்திரையை நிறுத்தாதீர்கள்.