தொண்டு அறிக்கைகளில் இரு பட்டியல்கள்

நமது திருச்சபைகளும் அவற்றைச் சார்ந்த நிறுவனங்களும் ஆண்டுதோறும் வெளியிடும் சமூகத் தொண்டு அறிக்கைகளை ஒருங்கே வைத்து வாசிப்போருக்கு ஒன்று தெளிவாகப் புலப்படும். உதவி பெற்றோரைக் குறித்த அட்டவணை விரிவானது. பால், வயது, மதம், சாதிப் பிரிவு, குடும்ப வருமானம் எனப் பல கட்டங்கள் அதில் உண்டு. உதவி செய்தோரைக் குறித்தோ பெரும்பாலும் ஒரே வரிதான்: தன்னார்வத் தொண்டர்கள் இத்தனை பேர். அவர்கள் எத்தெருவினர், எவ்வகுப்பினர், அவருள் பெண்கள் எத்தனை பேர் என்று அறிக்கை கேட்பதுமில்லை, சொல்வதுமில்லை. இது தாளின் இடநெருக்கடியால் நேர்ந்ததன்று. வினவப்படுவோர் ஒரு சாரார், வினவும் உரிமையுடையோர் மறு சாரார் என்ற எண்ணமே இவ்வமைப்பின் அடியில் உள்ளது.

தொண்டை எண்ணிக் காட்டும் வழக்கம் நமக்குப் புதியதன்று. கி.பி. 251 அளவில் ரோமாபுரியின் பேராயர் கொர்நேலியு அந்தியோகியாவின் பேராயர் ஃபாபியுவுக்கு எழுதிய கடிதத்தின் பகுதிகளை யூசேபியு தமது திருச்சபை வரலாற்றின் ஆறாம் நூலில் பாதுகாத்துள்ளார். அதில் மூப்பர் 46, உதவிக்காரர் 7, துணை உதவிக்காரர் 7, அவர்களுக்குக் கீழ்ப்பட்ட பணியாளர் 42, பேயோட்டுவோரும் வாசகரும் வாயிற்காவலருமாக 52 என்று ஊழியர் வரிசை வரிசையாக எண்ணப்படுகின்றனர். அதன்பின் விதவைகளும் இடர்ப்பட்டோருமாக 1,500க்கு மேற்பட்டோர் என ஒரே தொகை வருகிறது. இங்கு நிலைமை நம்முடையதற்குத் தலைகீழ்: செய்தோர் வகைப்படுத்தப்பட்டனர், பெற்றோர் மொத்தமாக்கப்பட்டனர். எனினும் நோக்கில் வேற்றுமை அதிகமில்லை. நொவாத்தியானோடு நிகழ்ந்த வழக்கில் தமது சபையின் பெருமையை நிறுவவே கொர்நேலியு இவ்வெண்களை எடுத்துக்காட்டினார். அந்த 1,500 பேரில் விதவைகள் எத்தனை பேர் என்பது அவருடைய வாதத்திற்குத் தேவைப்படவில்லை.

இதற்கு எதிரே அப்போஸ்தலர் நடபடிகள் 6-ஆம் அதிகாரத்தை வைத்து நோக்குவோம். லூக்கா எண்களை வெறுத்தவர் அல்லர். மூவாயிரம், ஐயாயிரம் என்று முன் அதிகாரங்களில் குறித்தவரே அவர். ஆயின் அன்றாட விசாரணையில் புறக்கணிக்கப்பட்ட விதவைகள் எத்தனை பேர் என்று அவர் கூறவில்லை. அவர்கள் எம்மக்களைச் சார்ந்தவர்கள் என்பதைக் கூறுகிறார். கிரேக்க மொழியினர், எபிரெயர் என்ற அப்பாகுபாடு பங்கிட்டோரின் ஏட்டிலிருந்து வந்ததன்று; முறுமுறுத்தோரின் வாயிலிருந்து வந்தது. அதற்குச் செய்யப்பட்ட பரிகாரமும் கூர்ந்து நோக்கத்தக்கது. விதவைகளின் பங்கை உயர்த்தியதாக லூக்கா எழுதவில்லை, பங்கிடுவோர் மாற்றப்பட்டனர். ஸ்தேவான் முதல் அந்தியோகியானாகிய நிக்கொலா வரை எழுவருடைய பெயர்களும் கிரேக்கப் பெயர்களே. பன்னிருவரிலேயே அந்திரேயா, பிலிப்பு என்ற கிரேக்கப் பெயரினர் இருந்தமையால், பெயரை மட்டுங்கொண்டு ஒருவரின் இனத்தை முடிவு செய்யலாகாது என்பது உண்மை. ஆயினும் ஏழு பெயர்களும் ஒருங்கே அவ்வாறு அமைந்திருப்பதைத் தற்செயல் என்று தள்ளிவிட இயலாது.

நமது அறிக்கைகளைச் சோதிக்க இப்பகுதி ஒரு நல்ல அளவுகோல். பெறுவோரையும் செய்வோரையும் ஒரே கேள்வியால் வினவினாலன்றி இடைவெளி எங்கே என்பது தெரியாது. பெறுவோரில் பத்தில் எட்டுப் பேர் பெண்களாகவும் திட்டக்குழுவில் பத்தில் ஒருவர் பெண்ணாகவும் இருக்கும் திட்டத்தில், முதல் எண்ணை மட்டும் அச்சிட்டால் அது சாதனையாகத் தோன்றும். இரண்டையும் அருகருகே வைத்தால் அது கேள்வியாகிவிடும்.

இக்கட்டுரையாளரும் ஒரு காலத்தில் இத்தகைய படிவங்களை நிரப்பியவரே. தையற்பயிற்சி வகுப்பு ஒன்றிற்குப் பெயர் பதியும்போது, எங்கள் சாதியை எழுதிக்கொண்ட ஐயா, சொல்லிக்கொடுக்க வருகிற அம்மாமாரின் சாதியையும் எழுதினீர்களா என்று ஒரு தாய் வினவினார். கிறிஸ்துவுக்குள் வேற்றுமையில்லை என்று விடையளித்தேன். அவர் மறுமொழி கூறவில்லை. கலாத்தியர் 3:28 கொடுப்போரின் கட்டத்தை வெறுமையாக விடுவதற்கு மட்டும் பயன்பட்டது அன்று எனக்கு உறைக்கவில்லை.

சாதிக் கட்டத்தைப் பற்றி இன்னுஞ் சற்று விரிவாகக் கூறவேண்டும். அரசின் பிரிவுகளையே நாம் அப்படியே பெயர்த்து எழுதுகிறோம். 1950-இல் வெளியான பட்டியல் சாதியினர் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து சமயத்தினர் அல்லாதவரை அப்பட்டியலுக்குப் புறம்பாக்கியது. 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர், கிறிஸ்தவர் சேர்க்கப்படவில்லை. தமிழ்நாட்டில் பட்டியல் சாதியிலிருந்து கிறிஸ்தவரானோர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கப்பட்டுள்ளனர். இதன் விளைவு யாது? சேரியில் குடிசை வீட்டில் வாழும் தலித் கிறிஸ்தவத் தாயும், ஊருக்குள் நிலபுலன் உடைய பிற்படுத்தப்பட்ட வகுப்பினரும் நமது அட்டவணையில் ஒரே வரியில் அமர்கின்றனர். அந்த ஆணையைத் திருத்துமாறு டில்லியில் பல்லாண்டுகளாகக் கோரிவரும் திருச்சபை, தன் சொந்த அறிக்கையில் அவ்வாணைக்குத் தானே கீழ்ப்படிகிறது! மானியத்திற்காக அரசுக்கு அனுப்பும் படிவத்தில் அரசின் பிரிவு இருக்கட்டும். சபையார் கையில் தரும் அறிக்கையில் உண்மைநிலையை எழுத எந்தச் சட்டமும் தடைசெய்யவில்லை.

எண்ணும் முறையிலும் குறைகள் உண்டு. சுருக்கமாகச் சொன்னால் போதும். மாதந்தோறும் மருத்துவ முகாமுக்கு வரும் 40 பேர் ஆண்டிறுதியில் 480 பயனாளிகள் ஆகிவிடுகின்றனர். குடும்பத்திற்கு ஐவர் எனப் பெருக்கிப் போடும் வழக்கமும் பரவலானது. மறுபுறம், அடுக்களையில் நாள்முழுதும் சமைத்த பெண்கள் தொண்டர் பட்டியலில் இல்லை; தொடக்க ஜெபம் செய்தவர் இருக்கிறார்.

ஜனத்தைத் தொகையிட்ட தாவீதின் பாவத்தைச் சுட்டி (2 சாமு. 24), எண்ணுவதே தகாது என்பாரும் உளர். ஆயின் எண்ணாகமத்தின் இரண்டாம் தொகையிடுதல் நிலப்பங்கீட்டுக்காக நடந்தது. போருக்குரிய ஆண்களை எண்ணிய அதே ஏட்டில் செலோப்பியாத்தின் குமாரத்திகள் ஐவரும் பெயரோடு எழுதப்பட்டனர் (எண். 26:33). அடுத்த அதிகாரத்தில் அவர்கள் வந்து தங்கள் பங்கைக் கேட்டனர், பிரமாணமே விரிவடைந்தது.

எண்ணப்படாமையின் துன்பத்தை அண்மைக்காலத்திலும் கண்டோம். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் நாகப்பட்டினக் கடற்கரையில் இழப்பு பெரிதும் படகாலும் வலையாலும் அளக்கப்பட்டது. தலைச்சுமையாக மீன் விற்ற பெண்களும், உப்புநீர் புகுந்த வயல்களில் வேலையிழந்த தலித் கூலிகளும், இருளரும் அவ்வளவையில் எளிதில் அகப்படவில்லை. பட்டியல் வகுத்தோருள் அவர்கள் இல்லாமையும் இதற்கொரு காரணம்.

விவரம் கேட்பதில் எச்சரிக்கையும் வேண்டும். சிற்றூர் ஒன்றில் ஒருவரோ இருவரோ மட்டும் அடங்கும் பிரிவை அச்சிட்டால், பெயர் எழுதாமலே ஆளைக் காட்டிவிடுகிறோம். நோயைக் குறித்த அட்டவணையில் இது கொடுமையாகும். அத்தகைய கட்டங்களை ஒன்றுசேர்த்தே வெளியிடவேண்டும். விருப்பமில்லாதவர் விடையளிக்காதிருக்கவும் இடம் வேண்டும். அவ்வாறு விடையளியாதோர் எத்தனை பேர் என்பதையும், தொண்டர்களுள் எத்தனை பேர் என்பதைத் தனியே பிரித்து, அறிக்கையில் குறிக்கலாம்.

அறிக்கை அச்சேறுமுன் அதன் அட்டவணையைப் பயன்பெற்றோரின் கூட்டத்தில் உரக்க வாசிக்கும் வழக்கத்தை நமது சபைகளில் ஒன்றிரண்டேனும் தொடங்கிப் பார்க்கலாம். ஆட்சேபணைகள் எழும், அச்சு ஓரிரு வாரம் தாமதமாகும்.